நீண்ட பிளாட்பாரமும் ஊறுகாய்ச் சாடியும்



கரக்பூரில் கல்லூரி திறந்துவிட்டதென்பதைக் காலனிவாசிகளாகிய நாம் சைக்கிள் கடை வாசலைப் பார்த்தே அறிந்துகொள்கிறோம். ஆடி மாத வாக்கில், பழைய சைக்கிள்களெல்லாம் சாயம் பூசிக்கொண்டு, மறுமணத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளைகளைப்போல் வரிசையாக நிற்கும்.

ஹிஜ்லித் தடுப்புக்காவல் முகாமாக இருந்த கட்டடத்திலேதான் 1951இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கிற்று. இதனை நாம் பெருமிதத்தோடு எடுத்துரைத்தால், புதிதாய் வந்த பிள்ளை, "சாப்பாட்டிலேயே தெரிகிறது, மாமா" என்கிறான்.

நமது ரயில் நிலையத்துப் பிளாட்பாரம் ஏறத்தாழ 1,072 மீட்டர். 2013இல் கோரக்பூர் முந்தும்வரை உலகிலேயே நீளமானதென்று பெயர் பெற்றிருந்தது. அப்புகழின் நீளம் எவ்வளவென்பதை டிரங்குப் பெட்டி சுமந்துவரும் தகப்பனாரைக் கேட்டால் சொல்லுவார். பின்னாலே தாயார், ஊறுகாய்ச் சாடியைக் கைக்குழந்தைபோல் இடுப்பில் ஏந்தி வருகிறார். பொறியியல் கற்கவந்த குமாரனோ அச்சாடியின் மூடியைத் திறக்கும் வகையறியாது விழிக்கிறான்!

ஞாயிறன்று அவனே நம் கதவைத் தட்டுகிறான். "சும்மா பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன், மாமி" என்பான். பார்வை மட்டும் அடுக்களையில் இருக்கும். மூன்றாம் முறை ரசம் கேட்பவனை நாம் கேலி செய்கிறோம். நம் பிள்ளைகளும் புனேயிலும் பெங்களூரிலும் யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? அவர்கள் போனபின் காலனியில் இளைஞரே அருகிவிட்டனர். சென்ற பொங்கல் நாடகத்தில் கதாநாயகனுக்கு வயது ஐம்பத்தெட்டு.

ஆதலின், வீட்டுக்கொரு பிள்ளையை ஞாயிறுதோறும் அழைத்து இலை போடுமாறு வேண்டுகிறோம். பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. கையொப்பமிட்டவர்க்கே இன்று சிற்றுண்டி.