சாவியைக் கொடுக்கும் முன்

(அவலாஞ்சியில் நடந்த குடும்பச் சந்திப்பில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



போன பெருநாள் விடுமுறையில் ஒரு விடுதியில், நான்கு சக்கர பைக்கில் பேரனை முன்னால் உட்கார வைத்து நானே ஓட்டினேன். சரிவில் ஒரு பக்கச் சக்கரங்கள் மேலே தூக்கின. வேலி தாங்கியதால் தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ்.

நான்கு சக்கரம், சாயாது என்று நினைத்தேன். பிறகுதான் விசாரித்தேன். அந்த வண்டி உயரம், அகலம் குறைவு. சரிவில் குறுக்கே போனால் உருண்டுவிடும். பெரிய வண்டி 250 கிலோவுக்கு மேல். ஓட்டியவர் மேலேயே விழும். நீளமான இருக்கை இரண்டாவது ஆளுக்கல்ல, ஓட்டுபவர் உடலை நகர்த்திச் சமன் செய்வதற்கு. பெரியவர்களுக்கான வண்டியை 16 வயதுக்குக் கீழே ஓட்டக்கூடாது என்று வண்டியிலேயே ஒட்டியிருக்கிறார்கள். நம்மில் யார் படிக்கிறோம்?

சாலைக்கு வந்தால் சட்டமும் உண்டு. 2019 திருத்தத்தின்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றத்தில் சிக்கினால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தெரியாமல் எடுத்துப் போனான் என்றால், அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

விடுதிக்காரர் தலைக்கவசம் தரவில்லையா? பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பிள்ளை அழட்டும்.