கடைசிக் காலத்தில் யார் துணை?



முதுமை எல்லோருக்கும் வரும். பணக்காரர், ஏழை என்று பார்த்து வராது. ஆனால் கடைசிக் காலத்தில் கிடைக்கும் கவனிப்பு ஊருக்கு ஊர் மாறுகிறது. ஏன் மாறுகிறது? இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் நம் தீவுகளைப் பார்ப்போம். கார் நிக்கோபாரில் பல குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து வாழ்ந்தன. அந்தப் பெரிய கூட்டுக் குடும்பத்துக்குத் 'துஹெட்' என்று பெயர். நிலமும் தென்னந்தோப்பும் எல்லோருக்கும் பொது. மூத்தவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. படுக்கையில் விழுந்தவரைத் தாங்கப் பல கைகள் இருந்தன.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. மூத்தவர்கள் பலரும் கடலோடு போனார்கள். பிறகு உதவிப் பணம் வந்தது. வீடும் வந்தது. கணவன், மனைவி, பிள்ளைகள் என்று தனித்தனிக் குடும்பமாகக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். கூட்டுக் குடும்பம் பிரியத் தொடங்கியது. தாங்கும் கைகளும் குறைந்தன.

இங்கே குடியேறிய நமக்கு வேறு கஷ்டம். நம் சொந்தபந்தம் பலர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். சென்னைக்குக் கப்பலில் போக ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். நம் பெரிய ஆஸ்பத்திரியான ஜி.பி. பந்த், போர்ட் பிளேரில் இருக்கிறது. அந்த ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை வெளித்தீவிலிருந்து அடிக்கடி அங்கே கொண்டுபோக முடியுமா? ஆகவே, கவனிப்புதான் வீட்டுக்கு வரவேண்டும்.

வர முடியுமா? கேரளத்தைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து, தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறகு மலப்புரம் போன்ற மாவட்டங்களில் ஊர் மக்களே பயிற்சி பெற்றார்கள். வீடு வீடாகப் போனார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கை வகுத்தது. இன்று அங்கே பஞ்சாயத்து மூலம் நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அதில் படுக்கையில் இருப்பவரை வீட்டில் வந்து பார்ப்பதும் உண்டு.

கேரளத்தில் அக்கம்பக்கத்தாரும் எழுந்து வந்தார்கள். நாமும் அதைச் செய்யலாம்.

நம் ஊரில் யார் யார் படுக்கையில் இருக்கிறார்கள்? அவர்கள் பெயரை எழுதுங்கள். சுகாதார நிலையத்தில் கொடுங்கள். நர்ஸ் வந்து பார்க்கும்படி கேளுங்கள்.

படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். படுக்கைப் புண் வராமல் காக்கலாம். வாயைச் சுத்தம் செய்யுங்கள். வலி என்று சொன்னால், "வயசானால் அப்படித்தான்" என்று சொல்லாதீர்கள். வலியைத் தணிக்க மருந்து உண்டு. எங்கே வலி, எப்போது வலி, எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டருக்கு அந்த நோட்டு பெரிய உதவி.

இரவெல்லாம் கண் விழிக்கும் மகளையோ மருமகளையோ மறக்கக் கூடாது. வாரம் ஒரு நாள் பக்கத்து வீட்டார் போய் உட்கார்ந்தால், அவர் கொஞ்சம் தூங்குவார்.

பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது என்று 2007-ல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் சோறு வாங்கித் தரும். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடிக்க மனிதர்தான் வேண்டும்.

நாம் எழுதக் கற்றோம். அந்த எழுத்தால் முதலில் ஒரு பெரியவரின் பெயரை எழுதுவோம். இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போவோம்.