செம்மண் சடக்கு சொல்லும் பாடம்



லயத்து வாசலிலிருந்து பெரிய சாலை வரை நீண்டு கிடக்கும் செம்மண் சடக்கை நாம் எல்லாரும் நன்கு அறிவோம். வெயில் காலத்தில் லோரி ஒன்று கடந்து போனால், கொடியில் காயும் வெள்ளை வேட்டி சிவந்து போகும். மழைக் காலத்தில் சைக்கிள் சக்கரத்தில் மண் அப்பிச் சக்கரம் சுழல மறுக்கும். பிள்ளைகளின் காலணியைப் பார்த்தே இன்று சடக்கு எப்படி இருக்கிறது என்று ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்லிவிடுவோம். இந்தச் சடக்கை ஏசாதவர் நம்மில் யாரும் இல்லை. ஆனால், அதன் குணம் என்ன, அதில் எப்படிப் போக வேண்டும் என்று எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. இன்று அதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் புக்கிட் மேரா என்று ஓர் இடம் இருக்கிறது. மலாய் பேசிப் பழகிய நமக்கு அதன் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை, சிவந்த குன்று. அது சிவந்ததற்கு ஒரு பழங்கதை உண்டு. கடற்கரை மக்களைக் கூர்மூக்கு மீன்கள் தாக்கினவாம். கரை நெடுக வாழைத்தண்டுகளை நட்டு வைக்கலாம் என்று ஒரு சிறுவன் யோசனை சொன்னான். மீன்கள் வாழைத்தண்டில் மூக்கைச் செருகிச் சிக்கிக்கொண்டன. இவ்வளவு அறிவுள்ளவன் நாளைக்கு நமக்கே ஆபத்தாவான் என்று அஞ்சிய அரசன் அவனைக் கொல்லச் செய்தான். அந்த இரத்தத்தில் குன்று சிவந்தது என்பது கதை.

மண்ணைப் பற்றிய அறிவியல் வேறு காரணம் சொல்கிறது. வெயிலும் கனமழையும் ஓயாத நம் நாடுகளில், பாறைகள் நெடுங்காலமாக உளுத்துப் போகின்றன. கரையக்கூடிய பொருள்கள் மழைநீரோடு போய்விடுகின்றன. இரும்பு தங்கித் துருப்பிடிக்கிறது. மூலையில் கிடக்கும் பழைய மண்வெட்டியின் நிறமும் சடக்கின் நிறமும் ஒன்றாயிருப்பது இதனால்தான். இந்த மண் கல்லைப் போல் இறுகினால் அதற்கு லேட்டரைட் என்று பெயர். தார் வருவதற்கு முன், சிங்கப்பூரிலும் மலாயாவிலும் சாலைகளில் பரப்பியது இதைத்தான்.

புக்கிட் மேரா வட்டாரத்திலேயே ஃபேபர் குன்று இருக்கிறது. சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஃபேபர் அதன் உச்சிக்குச் சாலை அமைத்தார். 1845இல் குன்றுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரில் இந்தியக் கைதிகள் வைக்கப்பட்டிருந்தார்கள். காடு வெட்டிச் சாலை போடும் வேலையில் அவர்களை ஈடுபடுத்தினார்கள். அவர்களில் சென்னை மாகாணத்தவர்களும் இருந்தார்கள். இன்று புக்கிட் மேராவில் எங்கும் தார்ச்சாலையும் அடுக்குமாடி வீடுகளுமே. கட்டடத்துக்குத் தோண்டும்போதுதான் அந்தச் சிவப்பு வெளியே தெரிகிறது.

தார் இல்லாத சாலையின் குணத்தை முழுமையாக அறிய, நம் ஈர நாட்டை விட்டு ஒரு வறண்ட நாட்டுக்குப் போவோம். மெக்சிகோ நாட்டின் மேற்குக் கரையில் பாஹா கலிபோர்னியா என்று ஒரு நீண்ட தீபகற்பம் இருக்கிறது. பெரும்பகுதி பாலைவனம், முள்ளும் கள்ளியும் கல்லும்தான். அதன் நெடுகிலும் செல்லும் நெடுஞ்சாலை 1973 டிசம்பரில்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர். அதற்கு முன் பெரும்பகுதி மண் தடம்தான். கிழக்குக் கரையோரம் செல்லும் இன்னொரு சாலையில், பாதி வழி தாரும் மீதி வழி கல்லும் மண்ணுமாகப் பல ஆண்டுகள் கிடந்தது.

அந்த வழியில் போகிறவர்கள் சில விதிகளைக் கடைப்பிடிக்கிறார்கள். பெட்ரோல் கிடைக்குமிடத்தில் தொட்டியை நிரப்பிக்கொள்கிறார்கள். பெரிய நெடுஞ்சாலையிலேயே 300 கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோல் நிலையம் இல்லாத நீட்டம் உண்டு. குடிநீரும் உபரிச் சக்கரமும் இல்லாமல் புறப்படுவதில்லை. சாலையில் மாடுகள் வந்து நிற்பதால், இரவில் ஓட்டுவதைத் தவிர்க்கிறார்கள். பல இடங்களில் பாலத்துக்குப் பதிலாக ஓடையின் குறுக்கே சாலையைத் தாழ்த்தி விட்டிருப்பார்கள். தலைக்கு மேல் வானம் தெளிவாயிருக்கும். எங்கோ மலையில் பெய்த மழை திடீரென்று அந்தப் பள்ளத்தில் பாய்ந்து வரும். ஓடும் நீரில் வண்டியை இறக்காமல் வடியும்வரை காத்திருக்கிறார்கள்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். பாலைவனச் சாலையிலும் நம் தோட்டத்துச் சடக்கிலும் ஒரே மாதிரி ஒன்றைக் காணலாம். குறுக்கே குறுக்கே வரி வரியாக, துணி துவைக்கும் பலகையைப் போல மண் மேடு கட்டியிருக்கும். வண்டி அதில் கடகடவென்று உதறும். இந்த அலைகளை எழுப்புவது யார்? மழையா, காற்றா? இரண்டும் இல்லை. உருளும் சக்கரமே எழுப்புகிறது. ஒரு சிறு மேட்டில் சக்கரம் ஏறித் துள்ளுகிறது; விழும் இடத்தில் மண்ணை முன்னே தள்ளுகிறது; அங்கே அடுத்த மேடு பிறக்கிறது. பின்னால் வரும் ஒவ்வொரு வண்டியும் அதை வளர்க்கிறது.

ஆராய்ச்சியாளர்கள் சிலர், வட்டமாகச் சுழலும் மேடையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சக்கரத்தை உருளவிட்டுப் பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். வேகம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தவரை மணல் சமமாகவே கிடந்தது. அந்த அளவைத் தாண்டியதும் அலைகள் எழுந்தன. அந்த அளவோ மிகக் குறைவு. ஆகவே அலையே இல்லாத மண் சடக்கு கிடைப்பது அரிது. ஆனால், விரைந்து போகப் போக உதறலும் சேதமும் மிகும் என்பதை ஓட்டுகிறவர்கள் உணரலாம்.

"வேகமாகப் போனால் உதறல் தெரியாது" என்று சில ஓட்டுநர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். சக்கரம் மேட்டுக்கு மேடு தாவிப் போவதால் உதறல் குறைகிறது. அதே காரணத்தால் சக்கரம் மண்ணைச் சரியாகப் பற்றுவதில்லை. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்காது, திருப்பினால் திரும்பாது. முன்னால் நடந்து போவது பால்வாளியோடு வரும் ஒரு தாயாகவோ, புத்தகப் பையோடு வரும் ஒரு பிள்ளையாகவோ இருக்கலாம் அல்லவா?

ஆகவே நேயர்களே, சில பழக்கங்களை மேற்கொள்வோம். மண் சடக்கில் மெதுவாகப் போவோம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்போம், வளைவில் பிரேக்கை அழுத்தாதிருப்போம். தூசி எழும்போது பகலிலும் விளக்கைப் போட்டு, முன் வண்டியை விட்டுத் தள்ளிப் போவோம். மழை பெய்த சடக்கில் தேய்ந்த டயரோடு மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டாம். லோரியில் ஏறிய பிள்ளைகள் உட்கார்ந்து வரட்டும். வெள்ளம் புரளும் சடக்கைக் கடக்க வேண்டாம். பள்ளிக்கு ஒரு நாள் வராவிட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

மற்றொன்று. சடக்கின் பெரிய எதிரி தண்ணீர். நடுவே சற்று உயர்ந்து, இரு பக்கமும் கான் திறந்திருந்தால், மழைநீர் ஓடிவிடும், சடக்கு நிலைக்கும். கான் அடைத்தால் நீர் சடக்கிலேயே தேங்கிக் குழியாக்கும். வீட்டுக் குப்பையைக் கானில் கொட்டாதிருப்பதும், வாசலுக்கு எதிரே உள்ள கானில் சேரும் இலைகளை அள்ளிவிடுவதும் நம் கையில் இருக்கின்றன. அடுத்த மழைக்கு முன் அதைச் செய்துவிடுவோம்.