தலைமையும் தன்னொழுக்கமும்

(நம் சங்கத்து வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தலைமை என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இப்பொருளை எடுத்துக்கொள்வோர் பெரும்பாலும் துணிவு, உறுதி, நாவன்மை எனக் குணங்களை அடுக்கிச் செல்வர்; கேட்போரும் தலையசைத்துவிட்டு வீடு திரும்புவர். யாம் அவ்வழியிற் செல்ல விரும்பவில்லை. ஒரே மனிதரது இளமைப் பருவத்தினின்று சில நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்துரைக்கப் புகுகின்றோம். அம்மனிதர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவரை மகாத்துமாவாக நாம் அனைவரும் அறிவோம். தம் சாதிச் சபையாரால் தள்ளிவைக்கப்பட்ட 18 வயது வாலிபராக அறிந்தோர் நம்முட் சிலரே. அக்கதையைச் சொல்லுதற்குக் குலச் சங்கத்தின் கூட்டமொன்றைவிட ஏற்ற இடம் வேறு யாது?

1888-ஆம் ஆண்டில் சட்டம் கற்கும்பொருட்டுச் சீமைக்குச் செல்லக் காந்தியார் பம்பாய்க்கு வந்து கப்பலுக்குக் காத்திருந்தார். அதனைக் கேள்வியுற்ற அந்நகரத்து மோத் வணியர் குலத்தார் கூட்டங்கூட்டி அவரை வரவழைத்து விசாரித்தனர். கடல் கடத்தல் தம் சமயத்திற்கு ஒவ்வாதென்பது அவர்தம் துணிபு. மதுவையும் மாமிசத்தையும் மாதரையும் தீண்டுவதில்லையென்று தாயாரிடம் வாக்களித்திருப்பதாகவும், ஆகவே தம் ஒழுக்கத்திற்கு ஊறு நேராதெனவும் வாலிபர் விடையிறுத்தார். குலத்தலைவரோ அவருடைய தந்தையாருக்கு வேண்டியவர், தூர உறவினருங்கூட. ஆயினும் சினங்கொண்டு அவரைச் சாதியினின்று நீக்கி, அவருக்கு உதவி செய்வோரும் துறைமுகம் வரை சென்று வழியனுப்புவோரும் ஒரு ரூபாய் நான்கணா அபராதம் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தார். பயணச் செலவுக்குரிய பணத்தைக் கையில் வைத்திருந்த உறவினரே சாதிக்கு அஞ்சி அதனைக் கொடுக்க மறுத்தார். பின்னர் ஒரு நண்பரிடம் கடன்பெற்றே அவர் கப்பலேறினார்.

1891-இல் அவர் பாரிஸ்டராகத் திரும்பி வந்தபோது சாதியார் இரு பிரிவினராயினர். ஒரு பிரிவினர் அவரை உடனே ஏற்றுக்கொண்டனர். அதன்பொருட்டு அவர் தமையனார் அவரை நாசிக்கிற்கு அழைத்துச் சென்று புண்ணிய தீர்த்தத்தில் நீராட்டி, ராஜ்கோட்டிற் சாதியாருக்கு விருந்தும் நடத்தினார். தமக்கு அதில் மனமில்லையாயினும் தமையனாரின் அன்பை எண்ணிக் காந்தியார் உடன்பட்டார். மற்றைப் பிரிவினர் இறுதிவரை இணங்கவில்லை. இவ்விடத்தில் அவர் நடந்துகொண்ட முறையே யாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. அப்பிரிவினரின் கட்டுப்பாட்டின்படி அவருடைய மாமனார் மாமியாரோ, உடன்பிறந்த சகோதரியோ அவருக்குத் தண்ணீரும் கொடுத்தல் கூடாது. அவர்களோ மறைவிற் கொடுக்க ஆயத்தமாக இருந்தனர். காந்தியார் ஏற்கவில்லை. வெளியரங்கமாகச் செய்யவியலாததை மறைவிற் செய்வது தம் இயல்புக்கு ஒவ்வாதென்று, அவ்வீடுகளில் ஒரு மிடறு தண்ணீரும் அருந்தாது வந்தார். அப்பிரிவிற் சேர்த்துக்கொள்ளுமாறு எவரையும் வேண்டவுமில்லை. அத்தலைவர்கள்மீது மனக்கசப்புக் கொள்ளவுமில்லை. பிற்காலத்தில் அப்பிரிவினருட் பலரே அவருடைய பொதுப்பணிக்குத் துணைநின்றனர் என அவர் தம் சத்திய சோதனையில் எழுதியுள்ளார்.

நம் வாலிபருட் சிலர் இதனைக் கேட்டு, அநியாயமான கட்டுக்கு ஏன் அடங்கவேண்டும் என்று வினவக்கூடும். வினா நேரியதே. அவர் கட்டுக்கு அடங்கிக் கடல் கடவாமல் இருந்தாரல்லர் என்பதை மறவாதீர்கள். செய்ய வேண்டியதைப் பலரறியச் செய்தார். அதனால் வந்த துன்பத்தைத் தாமே ஏற்றார். உறவினரைப் பொய்யிற் புகுத்தித் தம் வாழ்வை எளிதாக்கிக்கொள்ள உடன்படவில்லை. நம்முள்ளோ இதற்கு நேர்மாறான வழக்கமே மிகுதி. கூட்டத்தில் வரதட்சிணையை ஒழிப்போம் என்று கைதூக்கிவிட்டுத் திண்ணையில் அமர்ந்து தொகை பேசுவோரை நாம் அறியோமா? பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: வழக்கத்திற்கு மாறாக நடந்த ஒரு பிள்ளையை நாம் கண்டிக்கக் கூடும்போதெல்லாம் அந்த ஒரு ரூபாய் நான்கணா நம் நினைவுக்கு வருவதாக.

நிற்க. மேடையில் முழங்க வல்லவனே தலைவனென்று எண்ணும் இளைஞர் பலர். இங்கிலாந்தின் வெண்ட்னர் நகரில் மரக்கறி உணவினர் கூட்டமொன்றில் ஒரே தாளில் எழுதிச் சென்ற உரையைக்கூட எழுந்து நின்று வாசிக்கமாட்டாமல், காந்தியார் அதனை வேறொருவரைக் கொண்டு வாசிப்பித்தார். பம்பாய் நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கிற் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர் வாய் திறவாமலே அமர்ந்து, பெற்ற 30 ரூபாயையும் திருப்பிக் கொடுக்கச் செய்து வெளியேறினார். அத்தகையவர் ஒரு வணிக நிறுவனத்தின் வழக்கின்பொருட்டு 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே பிரிட்டோரியா நகரில் இந்திய வணிகரைக் கூட்டித் தம் வாழ்நாளின் முதற் பொதுப்பேச்சை நிகழ்த்தினார். அதன் பொருள் வாணிகத்தில் வாய்மை என்பது. வெள்ளையரின் கொடுமையைச் சாடினால் கைதட்டல் எளிதிற் கிடைத்திருக்கும். அவரோ கேட்போருடைய கடைக் கணக்கின் உண்மையையும் வாழிடத்தின் துப்புரவையுமே முதலிற் பேசினார். அயல்நாட்டில் ஒரு சிலரது நடத்தையைக் கொண்டே கோடிக்கணக்கான மக்கள் மதிப்பிடப்படுவர் என்பது அவர் கூறிய காரணம்.

அக்கூட்டத்தில், ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குத் தாமே கற்பிப்பதாகவும் சொன்னார். வகுப்பு ஒன்றும் அமையவில்லை. நாவிதர் ஒருவர், எழுத்தர் ஒருவர், சிறுகடைக்காரர் ஒருவர் ஆக மூவரே முன்வந்தனர். அவர்களும் தாம் இருக்கும் இடத்திற்கு வந்து கற்பிக்க வேண்டுமென்றனர். சீமையிற் படித்த பாரிஸ்டர் அதற்கும் இசைந்து, ஏறத்தாழ எட்டு மாதம் அவர்களைத் தேடிச் சென்றார். சிற்சில வேளை அவர்கள் தொழிலில் ஈடுபட்டிருப்பின் காத்துமிருந்தார். இருவர் கணக்கெழுதவும் வணிகக் கடிதம் வரையவும் கற்றுக்கொண்டனர். நாவிதர் தம் வாடிக்கைக்காரரோடு பேசுமளவுக்குக் கற்றார். எம் கருத்தில், அந்தச் சவரக்கடை வாசலிற் காத்திருந்த நேரமே அவர் தலைமையைப் பயின்ற நேரம். நம் சங்கத்திலோ கமிட்டியில் இடம் வேண்டுவோர் பலர்; மாலைநேர வகுப்பிற்குப் பாடஞ்சொல்ல ஆள் தேடி அலைகின்றோம்.

1894-இல் அவர் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரசில் உறுப்பினர் மாதந்தோறும் குறைந்தது ஐந்து ஷில்லிங் செலுத்தவேண்டும். அவர் தம் பங்காக ஒரு பவுன் எழுதினார். சந்தா தண்டுவது எத்தகைய வேலையென்பது நம் செயலாளருக்குத் தெரியும்! டொங்காட் என்னும் ஊரில் ஆறு பவுன் எதிர்பார்த்துச் சென்ற இடத்தில் வீட்டுக்காரர் மூன்றுக்குமேல் தர மறுத்தார். வந்தவர்கள் பசியோடு இரவு முழுவதும் அங்கேயே இருந்தனர். பொழுது விடியும்போது அவர் மனமிளகி ஆறு பவுனும் தந்து விருந்தும் படைத்தார். அங்ஙனம் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டுக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதப்பட்டது. மூன்று பவுனுக்காக ஓரிரவு பட்டினி கிடந்தவர்க்கே பொதுப்பணத்தின் அருமை தெரியும்.

இனிச் சொல்லப்போவது வீட்டினுள் நிகழ்ந்தது. 1901-இல் அவர் தாய்நாடு திரும்பப் புறப்பட்டபோது அங்குள்ள இந்தியர் பொன்னும் வைரமுமாகப் பல பரிசுகளை வழங்கினர். அவற்றுள் 50 கினி பெறுமான பொற்கழுத்தணி கஸ்தூரிபா அம்மையாருக்கென அளிக்கப்பட்டது. பொதுப்பணிக்காக வந்தது தமக்குரியதாகுமோ என்று அன்றிரவு காந்தியார் உறங்காமல் உலவினார். விடிவதற்குள் அனைத்தையும் சமூகத்திற்கே உரிய தருமச் சொத்தாக்கித் தருமகர்த்தாக்களை நியமிக்கும் கடிதத்தை எழுதிவிட்டார். பிள்ளைகள் எளிதில் இணங்கினர். அம்மையார் இணங்கவில்லை. நாளை வரும் மருமக்களுக்கு நகை வேண்டாவோ என்றும், கழுத்தணி தமக்கன்றோ கொடுக்கப்பட்டதென்றும், கணவர் செய்த தொண்டிற் பாதி தம் உழைப்பன்றோ என்றும் கண்ணீரோடு வாதாடினார். இவ்வாதம் எளிதிற் புறந்தள்ளத் தக்கதன்று. வீட்டுக்கு வந்தோர்க்கெல்லாம் இரவும் பகலும் உழைத்தவர் அவரே. கணவர் தம் கருத்தை நிலைநாட்டினார் என்பதுதான் வரலாறு; அம்மையாருடைய கேள்விக்குத் தக்க விடை கூறப்பட்டதாக எமக்குத் தோன்றவில்லை. பொதுத்தொண்டில் இறங்கும் வாலிபர்கள், தம் நேர்மைக்குரிய விலையில் ஒரு பகுதியை மனைவியும் மக்களும் செலுத்துகின்றனர் என்பதை அறிந்தே இறங்கவேண்டும். அவர்களோடு முன்னரே கலந்து பேசியும் இறங்கவேண்டும். பிற்காலத்தில் அம்மையாரும் அச்செயலின் நன்மையை உணர்ந்ததாகக் காந்தியார் எழுதியுள்ளார். அவர் கைப்பட எழுதியதையும் இவ்விடத்தில் யாம் அறியலாம். அம்மையாரோ தம் வரலாற்றை எழுதவில்லை.

நகைகள் வங்கியிற் சேர்க்கப்பட்டன. தரும பத்திரமும் எழுதப்பட்டது. இன்னும் சொல்லுதற்குரியன பலவுள. ஆயினும் நம் பொருளாளர் இவ்வாண்டின் வரவுசெலவுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரமாகக் காத்திருக்கின்றார். சொற்பொழிவு முடிந்ததும் எழுந்து செல்லும் நம் வழக்கத்தை இன்றேனும் விடுத்து, அக்கணக்கு முழுவதையும் அமர்ந்து கேட்குமாறும், ஐயமுள்ள இடத்தில் கூசாது வினவுமாறும் வாலிபர்களை வேண்டி, யாம் அமர்கின்றோம்.