வீட்டு வண்டியும் படகுத்துறையும்

நெடும்பயணம் புறப்படுகிறவர்கள் வரைபடத்தை விரித்ததும் முதலில் பார்ப்பது தொலைவைத்தான். பெங்களூரிலிருந்து சிவமொக்கா ஏறத்தாழ 300 கிலோமீட்டர்; அங்கிருந்து சாகரா எழுபது சொச்சம். தும்கூரு, அரசிகெரெ, கடூரு, பத்ராவதி என்று ஊர்களை வரிசையாக எழுதி, எங்கே சிற்றுண்டி, எங்கே நண்பகல் உணவு என்று குறித்துவிட்டால் திட்டம் முடிந்ததென்று நினைக்கிறோம். நாங்களும் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்படித்தான் நினைத்தோம்.

எங்கள் தாயாருக்கு அப்போது எழுபத்தாறு வயது. சாகராவுக்கு அப்பால், சராவதி நீர்த்தேக்கத்தின் மறுகரையிலுள்ள சிகந்தூர் சௌடேசுவரியைத் தரிசிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். ஆனால் முழங்கால் வலியால் பேருந்தில் நெடுநேரம் உட்கார முடியாது. வழியில் கழிவறை கிடைக்குமோ என்ற அச்சம் வேறு. ஆகவே படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் அமைந்த வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்த முடிவு செய்தோம். இதைக் கேரவன் என்கிறார்கள். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றே பலரும் எண்ணுவர். மொழிபெயர்த்துப் பிழைப்பவர்கள் என்ற உரிமையில் ‘வீட்டு வண்டி’ என்று சொல்லிப் பார்த்தோம், வீட்டில் சிரித்தார்கள். இத்தகைய சுற்றுலாவுக்கென்று கேரள அரசு 2021இல் தனிக்கொள்கையே வகுத்தது. மத்திய அரசு ஊழியருக்கு விடுப்புப் பயணச் சலுகை ஒன்று உண்டே என்று நேயர்கள் நினைக்கலாம். தனியார் வண்டியை அமர்த்திக்கொண்டு போனால் அந்தச் சலுகையின் கீழ் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்பதை விதிகளை மொழிபெயர்த்த கையாலேயே அறிவோம்.

வீட்டு வண்டி காரைப் போன்றதன்று. எங்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். கூரைமேல் குளிர்பதனப் பெட்டி வேறு இருந்ததால், தாழ்ந்த மரக்கிளைகளையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. தொட்டியில் 150 லிட்டர் நீர் நிரப்பினால் 150 கிலோ எடை கூடிவிடுகிறது. தார்ச்சாலையில் இது பெரிதாகத் தெரியாது. சரளைக்கல் பாதையில் தெரியும்.

மலைநாட்டின் உட்பாதைகள் பல இடங்களில் செம்புரைக்கல் சரளையால் ஆனவை. வண்டிகள் ஓடி ஓடி அதன் மேற்பரப்பு கூரைத் தகரம் போல அலை அலையாகிவிடும். அதில் வேகமாகப் போனால் சக்கரம் தரையைப் பற்றாமல் துள்ளும். திருப்பமும் தடையும் கைக்கு அடங்கா. மணிக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் என்று பொறுமையாகச் செல்வதே முறை. முன்னே செல்லும் வண்டியின் புழுதி அடங்கும்வரை விலகியே இருக்க வேண்டும். இல்லையேல் தெறித்துவரும் கல் கண்ணாடியைப் பதம் பார்க்கும். உள்ளேயும் வேலை உண்டு. அலமாரிக் கதவுகளைக் கயிற்றால் கட்டி, எரிவாயு உருளையின் வால்வை மூடி, கண்ணாடிக் குப்பிகளைப் போர்வையில் சுற்றி வைக்க வேண்டும். நாங்கள் ஊறுகாய் ஜாடியை மறந்தோம். அந்த மணம் பெங்களூர் திரும்பும்வரை எங்களுடன் வந்தது.

இவ்வளவும் எண்ணியவர்கள் நீரைப் பற்றி எண்ணவில்லை.

சராவதியின் குறுக்கே லிங்கனமக்கி அணை 1964இல் எழுந்தது. 300 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம் நீரில் மூழ்கிற்று. ஊர்கள் பல கலைந்தன. துமரியைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் நீருக்கு அப்பால் ஒதுங்கிப்போயின. அந்த அணைநீரால் இயங்கும் சராவதி மின் நிலையத்தின் திறன் 1035 மெகாவாட். இவ்வுரையை எழுதும் மேசை விளக்கிலும் அதன் பங்கு இருக்கக்கூடும். ஆனால் துமரிப் பக்கத்து மக்கள் சாகராவின் கடைக்கும் மருத்துவமனைக்கும் குறுக்கு வழியில் வர அம்பாரகொட்லு துறையில் படகையே நம்பியிருந்தனர். லாஞ்ச் என்று அவர்கள் அழைத்த அப்படகு ஒரு தட்டையான மிதவை. அதன் முனையிலுள்ள இரும்புப் பலகையைக் கரையில் இறக்கினால் பேருந்தும் காரும் மனிதரும் ஏறிக்கொள்வர். மாலையானால் ஓட்டம் நின்றுவிடும்.

நாங்கள் ஜூன் மாத நடுவில் போய்ச் சேர்ந்தோம். அவ்வாண்டு மழை பிந்திவிட்டது. நீர் வெகுவாக வற்றிச் செம்மண் கரை நெடுந்தூரம் வெளியே கிடந்தது. நீர் இறங்க இறங்கப் பலகை பதியும் இடம் செங்குத்தாகவும் சேறாகவும் ஆகிவிடுகிறது. கனமான வண்டி இறங்கினால் ஏற முடியாது. ஆட்கள் மட்டும் வரலாம், வண்டிக்கு இடமில்லை என்றார்கள். தவறு எங்களுடையது. உணவு விடுதிக்கெல்லாம் முன்கூட்டிப் பேசியவர்கள், துறையில் நீர் எவ்வளவு என்று ஒருவரையும் கேட்கவில்லை.

திரும்பிவிடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில், தாயார் கைத்தடியை ஊன்றி இறங்கிவிட்டார். மறுகரைக்குப் போகும் பெண்மணி ஒருவர், “அஜ்ஜி, இப்படி உட்காருங்கள்” என்று கன்னடத்தில் சொல்லித் தம் அரிசி மூட்டையையே இருக்கையாகக் கொடுத்தார். படகு நகர்ந்தது. எங்களுக்கு வண்டியைக் கரையில் விட்டுவந்த கவலை. அப்பெண்மணி இருவருக்குமிடையே பேச்சு வளர்ந்தபோது சொன்னார்: ஆறு மணிக்குமேல் வீட்டில் யாருக்கும் நோய் வந்துவிடக் கூடாதென்று தினமும் வேண்டிக்கொள்வாராம், இரவில் வந்தால் காட்டுவழியே நெடுந்தூரம் சுற்றித்தான் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அரிசி விலையைச் சொல்வது போலச் சொன்னார். எங்கள் கவலையைப் பற்றி நாங்கள் மேற்கொண்டு பேசவில்லை.

மறுகரையில் ஜீப் கிடைத்தது. தரிசனம் நன்றாகவே ஆயிற்று. கடைசிப் படகுக்கு முன்னே வந்துவிட வேண்டுமே என்று தாயார்தான் எங்களை விரட்டினார்.

அந்நீரின்மேல் 2.44 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் 2025 ஜூலை 14 அன்று திறக்கப்பட்டது. அணை எழுந்து அறுபத்தோராண்டு கழிந்திருந்தது. செய்தியைப் படித்துக் காட்டியபோது, “அந்தப் பெண் இனி இரவில் தூங்குவாள்” என்றார் தாயார்.

வண்டியோடு படகேற விரும்புகிறவர்களுக்கு வேறு துறைகள் இருக்கின்றன. கொச்சிக்கோட்டையிலிருந்து வைப்பின் தீவுக்கு வண்டிகளை ஏற்றிச் செல்லும் ரோ-ரோ படகு 2018 முதல் ஓடுகிறது. எங்கள் அடுத்த பயணம் அதுதான். அங்கே கேட்க வேண்டியவற்றை இப்போதே எழுதி வைத்திருக்கிறோம்: எவ்வளவு நீளமும் எடையும் ஏற்பார்கள், கடைசிப் படகு எப்போது, பின் சக்கரத்துக்கு அப்பால் நீளும் வண்டியின் வால் பலகையில் உரசுமா, கடலேற்றம் எந்நேரம். ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத் தருவதாகத் தாயார் கூறியிருக்கிறார்.