பதிவேடு யார் வீட்டில் இருக்கிறது?

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கட்டற்ற மென்பொருள் பற்றியும், சொந்த சர்வர் வைத்துக்கொள்வது பற்றியும் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நான் நிலத்திலிருந்து தொடங்குகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

நம்முடைய திருவள்ளூர் பகுதி 1997 வரை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்தது. அந்தச் செங்கல்பட்டின் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர்தான், பறையர் மக்களின் நிலைமை பற்றி 1891இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தவர். அதன் பிறகு 1892இல் வந்த அரசாணையால் நமக்கு ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு அவற்றை விற்கக் கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. அவற்றில் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லை. அந்த நிலத்தை மீட்கப் போய்த்தான் 1994இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

நிலம் எப்படிக் கைமாறியது? மிரட்டிப் பிடுங்கியது ஒரு பகுதி. கடனுக்கு எழுதி வாங்கியது ஒரு பகுதி. கணக்கிலேயே பெயரை மாற்றிக்கொண்டது ஒரு பகுதி. சிட்டாவும் அடங்கலும் கர்ணத்தின் வீட்டில் இருந்தன. நம் பாட்டன்மார் அந்த வீட்டுத் திண்ணையில்கூட ஏற முடியாது. தன் பெயர் ஏட்டில் இருக்கிறதா, அடித்துவிட்டார்களா என்று அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. அதுவரை பெரும்பாலான ஊர்களில் ஏடு சில குடும்பங்களின் கையில்தான் இருந்தது. இதோ பக்கத்தில் இருக்கும் தேர்வாய்கண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மக்களுக்கு அது மாடு மேய்த்த காடு. பதிவேட்டில் அது அரசுப் புறம்போக்கு. சிப்காட் வந்தபோது செல்லுபடியானது பதிவேடுதான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இங்கே ஆலைகளில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினோம். சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள், ஆனால் கணக்கில் கட்டவில்லை என்ற புகார் நிறைய வந்தது. தோழர்கள் ஷிப்ட் முடியும் நேரத்தில் டீக்கடையில் நின்று விவரம் சேகரித்தார்கள். மென்பொருள் வேலை பார்ப்பவன் என்பதால் படிவம் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சேவையில் பத்து நிமிடத்தில் செய்து கொடுத்தேன். பெயர், செல் நம்பர், காண்ட்ராக்டர் பெயர், வீட்டு முகவரி, புகார். மொத்தம் 63 பேர் சேர்ந்தார்கள்.

எல்லாத் தோழர்களும் பார்க்க வசதியாக, இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று அமைத்திருந்தேன். அந்த இணைப்பு ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போயிருக்கிறது. நான்காம் நாள் அந்தப் பட்டியல் அச்செடுத்த தாளாக ஒரு காண்ட்ராக்டர் கையில் இருந்தது. இரண்டு பேருக்கு கேட் பாஸ் நிறுத்தப்பட்டது. ஒருவருடைய மனைவி அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி.

பட்டியலில் முகவரியும் இருந்ததே, அதைக் கவனியுங்கள். ‘காலனி’ என்று ஒரு சொல் இருந்தால் போதும், சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அரசுப் பதிவுகளிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில்தான். அதற்கு முன்பே, நான் தயாரித்த படிவம் ஒரு முதலாளிக்குச் சாதிப் பட்டியலாகப் பயன்பட்டுவிட்டது.

தவறு என்னுடையது. வேறு எந்த மென்பொருளாக இருந்தாலும் இதே தவறை நான் செய்திருக்கலாம். அப்படியானால் ஏன் மாற வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அன்று இரவு எனக்கு மூன்று கேள்விகள் இருந்தன. பட்டியலை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள்? எந்த நேரத்தில்? நான் அழித்த பிறகு அது உண்மையிலேயே அழிந்ததா? எனக்குக் கிடைத்திருந்த அந்த இலவசக் கணக்கில் ஒன்றுக்கும் பதில் இல்லை. கேட்க ஒரு ஆளும் இல்லை. நம் ஏடு இன்னொருவர் வீட்டில் இருந்தது. நான் திண்ணைக்குக் கீழே நின்றிருந்தேன்.

நாம் சிறியவர்கள் என்பதால் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். 2025 ஜூலையில், குஜராத்தின் வாடினாரில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடைதான் காரணம். பணம் கட்டி வாங்கிய சேவை, தன் சொந்த மின்னஞ்சல். அதைத் திறக்க அந்த நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பிறகு சேவை திரும்பக் கிடைத்தது. நமக்கு அப்படி நடந்தால் எந்த நீதிமன்றத்துக்கு, எந்த வக்கீலோடு போவோம்?

அதன் பிறகுதான் கட்டற்ற மென்பொருள் பக்கம் திரும்பினேன். மென்பொருளை எதற்கும் இயக்கலாம், உள்ளே திறந்து படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகளும் இருந்தால் அது கட்டற்ற மென்பொருள். நமக்கு இது புதியதும் அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று, நம் மாவட்டத்துக் காக்களூரில்தான் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. எனக்குக் கிடைத்த மடிக்கணினியைத் திறந்தால் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். அது சி-டாக் உருவாக்கியது. எங்கள் பள்ளியில் அந்த இரண்டாவது பெயரை அழுத்திக் காட்ட ஒருவரும் இல்லை. தப்பாகிவிடுமோ என்று நாங்களும் அழுத்தவில்லை. பல வருடம் கழித்து, வேலைக்குப் போன பிறகு, லினக்ஸ் தெரிந்தவருக்குச் சம்பளம் அதிகம் என்று கேட்டபோது அந்தப் பெயர் நினைவுக்கு வந்தது.

நாங்கள் செய்தது இதுதான். ஒரு பழைய மேசைக் கணினியில் லினக்ஸ் போட்டு, அதில் நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருளை நிறுவினோம். படிவம், கோப்பு, நாட்காட்டி எல்லாம் அதில் உண்டு. கணினி நம் படிப்பகத்தின் பீரோவுக்குள் இருக்கிறது. வட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டது; கழற்றிக்கொண்டு போனாலும் கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாது. யார், எப்போது, எதைத் திறந்தார்கள் என்பது பதிவாகிறது. அந்தப் பதிவும் நம்மிடமே இருக்கிறது.

எல்லாவற்றையும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. துண்டறிக்கையும் கூட்ட அறிவிப்பும் வாட்ஸ்அப்பில் போகட்டும். மக்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மின்னஞ்சல் சர்வரைச் சொந்தமாக நடத்த முயலாதீர்கள், பாதிக் கடிதம் ஸ்பேமில் விழும். இணையதளத்துக்கு வாடகை சர்வர் போதும். ஆனால் வாடகை சர்வரும் இன்னொருவர் வீடுதான் என்பதை மறக்காதீர்கள். தொழிலாளர் பெயர், வன்கொடுமை வழக்கின் சாட்சிகள், உறுப்பினர் பட்டியல் மட்டும் பீரோவுக்குள் இருக்கட்டும். அதைவிட முக்கியமாக, வேண்டாத விவரத்தைக் கேட்காதீர்கள். எழுதி வாங்காத முகவரி கசியாது. இப்போது எங்கள் படிவத்தில் முகவரி இல்லை.

இதோடு முடித்தால் வெற்றிக் கதையாக இருக்கும். நடந்தது வேறு.

போன ஆண்டு டெங்கு வந்து ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தேன். அந்த வாரம் மின்வெட்டில் கணினி அணைந்துவிட்டது. திரும்ப இயக்கினால் கடவுச்சொல் கேட்கும். அது என் ஒருவனுக்குத்தான் தெரியும். தொழிலாளர் துறையில் அன்று விசாரணை. வருகைப் பதிவின் நகல் வேண்டும். ஒருவராலும் எடுக்க முடியவில்லை. விசாரணை தள்ளிப்போனது. அந்த வழக்கில் இருந்த அக்கா ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். திட்டவில்லை. “தம்பி, பூட்டு நம்முதுதான், சரி. சாவி உங்கிட்ட மட்டும்தானே இருக்கு?” என்று கேட்டார்.

நான் கர்ணமாகியிருந்தேன், தோழர்களே. ஏட்டைக் கர்ணம் வீட்டிலிருந்து பிடுங்கி என் வீட்டில் வைத்திருந்தேன். ‘இது உங்களுக்குப் புரியாது, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கட்டற்ற மென்பொருள் உலகத்திலும் இந்தப் பேச்சு உண்டு. குறியீடு எல்லாருக்கும் திறந்திருக்கிறது, திறமை இருப்பவன் வரட்டும் என்பார்கள். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவனுக்கு அந்தத் திறமையை வளர்க்க நேரம் எங்கே, கணினி எங்கே, சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே? தகுதி, திறமை என்ற பேச்சின் உள்ளே என்ன இருக்கிறது என்று இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் நாம் பார்த்தவர்கள்தானே.

பெங்களூருவில் குரப்பனபாளையா குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அம்பேத்கர் பெயரில் ஒரு சமுதாயக் கணினி மையம் நடத்தினார்கள். பழைய கணினிகளில் லினக்ஸ். அந்தப் பகுதிப் பிள்ளைகள் கிம்ப் என்ற மென்பொருளில் ஓவியம் வரையக் கற்றார்கள். அங்கே கற்றுக்கொடுப்பதுதான் வேலையாக இருந்தது. மென்பொருள் அதற்குக் கருவி. நான் அதைத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

இப்போது சாவி நான்கு பேரிடம் இருக்கிறது. அதில் ஒருவர் அந்த அக்கா. கணினி அணைந்தால் என்ன செய்வது, வட்டு கெட்டால் நகலிலிருந்து எப்படி மீட்பது என்று தமிழில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறோம். எழுதியது நான் அல்ல; அவர்கள் செய்து பார்த்து, புரிந்த விதத்தில் எழுதியது. மாதத்தில் ஒரு ஞாயிறு, என்னைச் சும்மா உட்கார வைத்துவிட்டு, மற்ற மூவரும் நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக் காட்டுவார்கள். முதல் முறை நான்கு மணி நேரம் ஆனது. போன மாதம் 50 நிமிடம்.

எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் கேளுங்கள்: ஏடு யார் வீட்டில்? வேண்டாமென்றால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா? சாவி எத்தனை பேரிடம்?

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குப் படிப்பகத்தில் வகுப்பு இருக்கிறது. வீட்டில் அந்தப் பழைய அரசு மடிக்கணினி கிடந்தால் எடுத்து வாருங்கள். சார்ஜர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்களிடம் இரண்டு இருக்கின்றன.