மணிக்கு யார் தண்ணீர் வைப்பார்கள்?



அக்னி நட்சத்திரம் கொளுத்துகிறது. பிள்ளைகளுக்கு விடுமுறை, பகலெல்லாம் கேரம்போர்டு, மாலையில் பெசன்ட் நகர் கடற்கரை. மயிலாப்பூரில் ஒரு வீட்டுச் சிறுவன் என்னிடம் கேட்டான்: “ஃபாதர், நாளைக்கு நாங்க ஊட்டிக்குப் போறோம். மணிக்கு யாரு தண்ணி வைப்பாங்க?” மணி அவர்கள் வளர்க்கும் நாய். பெரியவர்கள் யாரும் அதை யோசித்திருக்கவில்லை.

நாய்க்கு நம்மைப்போல் உடலெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ளும். நிழலும் நீரும் இல்லையேல் உயிரே போய்விடும்.

தோபித்து நூலில் இளைஞர் தோபியா வானதூதர் இரபேலோடு பயணம் புறப்படுகிறார். அவருடைய நாயும் கூடவே போகிறது. வீடு திரும்பும்போதும் அது பின்னால் வருகிறது. அதற்குப் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் மறைநூல் அதை மறக்கவில்லை.

ஊருக்குப் புறப்படுமுன் நாமும் மறவாதிருப்போம். வாசலில் தெருநாய்க்கும் ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்போம். ஆமென்.